துருப்பிடித்த மரைத்துளையும் மலைப்பாதை இழுவையும்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று ஓடும் ஜீப்புகளில் பலவற்றின் பின்புறம் ஓர் இழுவைக் கொக்கியைப் பார்க்கலாம். பூண்டும் கேரட்டும் ஏற்றிய வண்டி மழைச் சேற்றில் புதைந்துவிட்டால், பின்னால் வரும் வண்டிதான் அதை இழுத்து மேலேற்ற வேண்டும். மலையடிவாரத்தில், பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கம், இதே வேலையை டிராக்டரின் கொக்கி செய்கிறது. அங்கே இழுபடுவது கரும்போ தேங்காயோ ஏற்றிய டிரெய்லர். கொக்கி எவ்வளவு தடிமன், எத்தனை டன் தாங்கும் என்று விசாரித்துத்தான் வாங்குகிறோம். அது போய் உட்காரும் சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் மரைத்துளைகளின் நிலை என்ன என்று விசாரிப்பவர் குறைவு. பல ஆண்டுகள் எந்தப் போல்ட்டும் ஏறாமல் திறந்தே கிடந்த துளைகள் அவை. உள்ளே பார்த்தால் செம்மண்ணும் துருவும் ஒன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும்.

அவசரத்தில் செய்யப்படும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததே. போல்ட்டை வைத்து, நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் முக்கித் திருகுவது. கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே போல்ட் உள்ளே போகும். நின்றதும் "நல்லா டைட் ஆயிடுச்சு" என்பார்கள். அந்த இறுக்கத்தில் பெரும்பகுதி பொய் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

போல்ட் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். துளைக்குள் ஒரு முளைபோலக் குறுக்கே நின்று கொக்கித் தகட்டைத் தாங்குவதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முறையாக இறுக்கிய போல்ட் அப்படி வேலை செய்வதில்லை. திருகத் திருக அது நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால் தகட்டையும் சேசிஸையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. இழுவையின் சுமையைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் இரு பரப்புகளுக்கும் இடையே உண்டாகும் உராய்வு. ஜீப்புகளில் சாதாரணமாக வரும் 12 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்வோம், தலையில் 8.8 என்று முத்திரை இருக்கும் ரகம். அதை ஏறக்குறைய 88 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், சுத்தமான மரையில், சுமார் 3.7 டன் எடைக்குச் சமமான இறுக்கு விசை கிடைக்கும். நான்கு போல்ட் என்றால் கிட்டத்தட்ட 15 டன் அழுத்தம். இத்தனைக்கும் 20 மி.மீ. நீளமுள்ள போல்ட் பகுதி நீள்வது 0.04 மி.மீ. அளவுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கு எல்லாம் போல்ட்டை நீட்டுவதற்குப் போவதில்லை. போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வு ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுகிறது. மரைகளுக்கு இடையிலான உராய்வு இன்னொரு 40 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் பத்து விழுக்காடுதான் இறுக்கு விசையாக மாறுகிறது. இது நல்ல மரையின் கணக்கு. மரை துருப்பிடித்துச் சொரசொரப்பானால் உராய்வின் பங்கு ஏறும். அந்தப் பத்திலிருந்துதான் அது பிடுங்கிக்கொள்ளும். அதே 88 நியூட்டன் மீட்டரில் இறுக்கினாலும் 3.7 டன் கிடைக்க வேண்டிய இடத்தில் 2.4 டன்தான் கிடைக்கும். துரு இன்னும் மோசமாக இருந்தால் அதற்கும் கீழே. டார்க் ரென்ச் 'கிளிக்' என்று சொல்லும். கையும் இறுகிவிட்டதாகவே உணரும். கையும் கருவியும் அறிவது முறுக்கைத்தான். போல்ட் எவ்வளவு நீண்டது என்பது இரண்டுக்கும் தெரியாது.

இறுக்கம் குறைந்த போல்ட் தானாகக் கழன்றுவிடுவது ஏன் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். போல்ட்டின் அச்சுக்குக் குறுக்காக வரும் அதிர்வுதான் முதல் எதிரி. தகடு பக்கவாட்டில் இம்மியளவு வழுக்கினாலும் அந்தக் கணத்தில் மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. மரையின் சரிவு போல்ட்டைப் பின்னோக்கித் திருப்பிவிடுகிறது. ஒரு வழுக்கலுக்கு ஒரு துளித் திருப்பம். இப்படி நூற்றுக்கணக்கில் நடந்தால் போல்ட் கையோடு வந்துவிடும். இறுக்கு விசை போதுமான அளவு இருந்தால் தகடு வழுக்கவே வழுக்காது. கழலும் கதையும் தொடங்காது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வரும் டிரெய்லர் கொக்கியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிரேக் பிடித்தால் முன்னால் இடிக்கிறது. கியர் மாற்றினால் பின்னால் வெட்டி இழுக்கிறது. யுங்கர் இயந்திரம் வைத்துச் செய்த சோதனையை இந்தச் சாலை ஒவ்வொரு பயணத்திலும் செய்கிறது.

இனி துருவுக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். உலோகத்தின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே இன்னோர் இடத்துக்குப் போய், அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. இரண்டு இடங்களையும் நீர்ப்படலம் இணைப்பதால் சுற்று முழுமையடைகிறது. சுருங்கச் சொன்னால் சேசிஸின் மேலேயே ஒரு சிறு மின்கலம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த அரிமானத்தை ஆராய்வதற்கு நம் ஊரிலேயே பெரிய நிறுவனம் இருக்கிறது: காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது அது.

கடற்கரையில் உப்புக் காற்று இருக்கிறது, துரு புரிகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் உப்பு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாம்பன் பக்கம் இருக்கும் வேகம் கொடைக்கானலில் இல்லை. குளிர்ச்சியும் வேதிவினையின் வேகத்தைக் குறைக்கவே செய்யும். ஆனால் அரிமானவியலில் 'ஈரக்காலம்' என்று ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் இருக்கும் மணிநேரங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். மழை பெய்ய வேண்டியதில்லை. அந்த ஈரப்பதத்திலேயே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின் மேல் படிந்துவிடும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை வாங்கி, இடையில் மூடுபனியிலும் நனையும் மலைக்கு ஈரக்காலம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் இந்த மலைக்கே உரியது. மேலே 10 டிகிரிக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டி விடிந்ததும் சமவெளிக்கு இறங்குகிறது. கீழே காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 22 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்று நீரை இறக்கிவிடும். மெல்லிய தகடுகள் சீக்கிரம் சூடேறிவிடும். தடித்த சேசிஸ் சட்டம் சூடேற நேரமாகும். அதுவரை சட்டத்தின் உட்புறம் வியர்க்கிறது. வெளிப்புறம் காற்றில் காய்ந்துவிடும். பெட்டிபோல் மூடிய சட்டத்தின் உள்ளே, சட்டத்தோடு பற்றவைத்த வெல்டு நட்டின் மரைக்குள் இறங்கிய ஈரம் காய வழியில்லை. வடிகால் துளைகளைச் செம்மண் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தவிர, குறுகலான இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் இடுக்கின் உட்பகுதி கரையும் முனையாகவும் வாய்ப்பகுதி ஆக்சிஜன் பெறும் முனையாகவும் பிரிந்துகொள்கின்றன. இடுக்கு அரிமானம் என்று இதற்குப் பெயர். இதற்கென்றே யாரோ அளவெடுத்துச் செய்ததுபோல அமைந்திருக்கிறது மரைத்துளை.

கரைந்த இரும்பைவிட அதிலிருந்து உண்டாகும் துரு இடத்தை அதிகம் அடைக்கிறது. வகையைப் பொறுத்து இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை. போல்ட் மரைக்கும் துளை மரைக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ மி.மீ.யில் ஒரு சிறு பங்கு. மெல்லிய துருப்படலம் போதும், போல்ட் ஏறாது. துளையில் இருக்கும் உலோகம் குறைந்திருக்க, இடம் மட்டும் அடைந்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதனால் வேலை துருவை எடுப்பதுதான். உலோகத்தை எடுப்பது அல்ல.

சுத்தம் செய்யுமுன் அது எந்த மரை என்று தெரிந்தாக வேண்டும். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியபோது அந்த வண்டியோடு அங்குல மரையும் வந்தது. உலகப் போரில் ஒரு நாட்டின் போல்ட் இன்னொரு நாட்டின் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டின் பிறகு, 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 டிகிரிக் கோணமுள்ள பொது மரைக்கு ஒப்புக்கொண்டன; அதுவரை பிரிட்டனில் 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரைதான் ஆட்சி செய்தது. பின்னால் மெட்ரிக் மரை வந்தது. மேல்மலையில் இன்றும் பழைய ஜீப்பும் புதிய ஜீப்பும் ஒரே ஒர்க்ஷாப்பில் நிற்கின்றன, ஆபத்து அங்கேதான். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் அரை அங்குல நுண்மரையில் 1.27 மி.மீ.; 12 மி.மீ. மெட்ரிக் நுண்மரையில் 1.25 மி.மீ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. விட்டமோ 12.7 மி.மீ.யும் 12 மி.மீ.யும். மெட்ரிக் போல்ட் அந்த அங்குலத் துளையில் சுகமாக ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். பெரிய இழுப்பு ஒன்று வந்தால் மொத்த மரையும் வழித்துக்கொண்டு வெளியே வரும். துருப்பிடித்த துளை இந்த ஆட்டத்தை மறைத்து, போல்ட் பொருந்திவிட்டதாகக் காட்டும் என்பதால் மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பிறகு உலர்ந்த நிலையிலேயே துளையைத் துலக்க வேண்டும். குழாய் துலக்கும் வகையிலான சிறு கம்பிப் பிரஷ்ஷைத் துளையில் விட்டுச் சுழற்றி, காற்றடித்து மண்ணை வெளியேற்றுவது முதல் கட்டம். கண்ணாடி போடாமல் வண்டிக்கு அடியில் படுத்து இதைச் செய்யக் கூடாது; துருத்தூள் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறும். எண்ணெய் அதற்குப் பிறகுதான். முதலிலேயே எண்ணெய் ஊற்றினால் மண்ணும் துருவும் குழைந்து அரைக்கும் பசையாகிவிடும். டப்பாவில் அடைத்து விற்கும் துரு இளக்கும் எண்ணெயாக இருந்தாலும், ஒர்க்ஷாப்பில் கிடைக்கும் டீசலோ மண்ணெண்ணெயோ ஆனாலும் தத்துவம் ஒன்றே. பிசுபிசுப்புக் குறைந்த திரவம், உலோகத்தோடு ஒட்டும் தன்மையால், நுண்ணிய இடுக்குகளுக்குள் தானே ஏறுகிறது. புவியீர்ப்புக்கு எதிராகவும் ஏறும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் தொடுவது, போட்ட உடனே திருகுவதைவிடப் பலமடங்கு நல்லது. கேஸ் விளக்கால் சூடு காட்டுவதும் பலன் தரும். எஃகும் துருவும் வெவ்வேறு அளவில் விரிவதால் பிடிப்பு விரிசல் விடும். பின் சேசிஸ் அருகே டீசல் டேங்கும் பிரேக் குழாயும் போகிற வண்டிகளில், அதுவும் எண்ணெய் ஊறியிருக்கும்போது, நான் இதைச் சொல்லமாட்டேன்.

அடுத்தது டேப். மரை வெட்டும் டேப் எல்லா ஒர்க்ஷாப்பிலும் இருக்கும். "டேப் விட்டு எடுத்துடலாம்" என்பதுதான் முதலில் வரும் யோசனை. டேப் வெட்டுவதற்கென்று செய்த கருவி. துருவையும் வெட்டும், நல்ல உலோகத்தையும் வெட்டும். ஏற்கெனவே துருவால் மெலிந்த மரையை அது இன்னும் மெலிய வைக்கும். அது மட்டுமில்லாமல் டேப் மிகக் கடினமான, நொறுங்கும் எஃகால் ஆனது. கொஞ்சம் சாய்ந்தாலும் துளைக்குள்ளேயே ஒடியும். ஒடிந்த டேப்பைத் துளைபோட்டு எடுக்க முடியாது, ஏனென்றால் அது டிரில் பிட்டைப்போலவே கடினமானது.

இதற்குச் சரியான கருவி மரையைத் துடைக்க மட்டும் செய்த, வெட்டும் விளிம்பு மழுங்கிய டேப். அது கிடைக்காத இடத்தில் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே அளவில் நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, அதன் நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடாலோ கிரைண்டராலோ இரண்டு மூன்று பள்ளம் போட்டு, முனையைச் சற்றே கூம்பாகத் தேய்த்துவிடுவார்கள். பள்ளத்தின் ஓரம் துருவைச் சுரண்டும். சுரண்டிய தூள் பள்ளத்தில் ஒதுங்கும். போல்ட்டின் எஃகு சேசிஸின் மரையை வெட்டும் அளவுக்கு வெறிகொண்டதல்ல என்பதால் உலோகம் பிழைக்கும். எண்ணெய் தொட்டு, முதல் இரண்டு சுற்று விரலாலேயே ஏற்றி, அரைச்சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போக வேண்டும். இறுகினால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்துத் துடைத்து, காற்றடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். சட்டத்தின் உள்ளே இருக்கும் வெல்டு நட்டில் முரட்டுத்தனம் காட்டினால் வெல்டு விட்டுப்போய் நட்டு சுற்றத் தொடங்கும். அப்புறம் சட்டத்தை அறுத்துத்தான் அதைப் பிடிக்க முடியும்.

வேலை முடிந்ததா என்பதற்குச் சோதனை எளிது: புதிய போல்ட் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி மரை வரை ஏற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. துளையின் வாயை மட்டும் டார்ச் அடித்துக் கூர்ந்து பாருங்கள். ஏற்றிய போல்ட்டின் சுமை எல்லா மரையிலும் சமமாகப் பரவுவதில்லை. முதல் சுற்று ஒன்றே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. முதல் மூன்றும் சேர்ந்து பாதிக்கு மேல் தாங்குகின்றன. துருவும் கோணலாகத் திருகிய காயமும் சேர்வதும் அதே முதல் மூன்றில்தான். அவை தேய்ந்திருந்தால் "மரை போயிடுச்சு" என்று ஒப்புக்கொண்டு, துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் போடுவதோ, சட்டத்தின் குறுக்கே முழு நீளப் போல்ட் விட்டு மறுபுறம் தடித்த தகட்டோடு நட்டுப் போடுவதோதான் நேர்மையான வழி. பழைய துளையில் வெல்டு நிரப்பி மறுபடி மரை வெட்டுவதை இழுவைக் கொக்கிக்கு ஏற்க முடியாது. வெல்டின் சூடு சட்டத்தின் எஃகை அந்த இடத்தில் மாற்றிவிடுகிறது.

துருவை ஆசிட் ஊற்றிக் கரைத்தால் என்ன? கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைக் கண்முன்னே கரைக்கும். ஆனால் மூடிய சட்டத்துக்குள் இறங்கிய குளோரைடைக் கழுவி எடுக்க முடியாது. கடலோரத்தில் இல்லாத வண்டிக்கு நாமே கடலைக் கொண்டுவந்து சேர்த்ததாகும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் எவ்வளவோ தேவலாம். இவற்றைவிடச் சுவையான செய்தி ஒன்று இந்த மலையிலேயே மரமாக நிற்கிறது.

கொடைக்கானலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வாட்டில் மரம். சீகை என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தைச் சென்ற நூற்றாண்டில் வனத்துறை இங்கே பரவலாக நட்டதற்குக் காரணங்களில் ஒன்று அதன் பட்டையில் உள்ள டானின். தோல் பதனிட டானின் வேண்டும். அடிவாரத்தில் திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். பின்னர் மரம் நட்ட எல்லையைத் தாண்டிப் பரவி மலையின் புல்வெளிகளையும் சோலைகளின் ஓரங்களையும் விழுங்கியது தனிக்கதை, வருத்தமான கதை. அந்த டானினுக்கு இரும்போடு ஓர் உறவு உண்டு. அதன் மூலக்கூறில் அடுத்தடுத்து நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் துருவில் உள்ள இரும்பு அயனியைக் கவ்விக்கொள்கின்றன. பொருக்கு விடும் செந்துரு கருநீல நிறமுள்ள, நீரில் கரையாத, ஒட்டிப் பிடிக்கும் படலமாக மாறுகிறது. பழங்காலத்தில் கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும் இதே வேதியியல். கடைகளில் 'துரு மாற்றி' என்று விற்கும் திரவங்களில் பலவற்றின் உட்பொருள் டானிக் அமிலம்தான்.

ஆனால் இதை மரைக்குள் பூசக் கூடாது. படலத்துக்கும் தடிமன் உண்டு; மரைக்குள் அது இன்னோர் அடைப்பாகும். கொக்கித் தகடு உட்காரும் பரப்பிலும் வேண்டாம். முன்பு சொன்ன 0.04 மி.மீ. கணக்கு இங்கேதான் வருகிறது. தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே பொருக்குத் துருவோ தடித்த பெயிண்டோ இருந்து, ஓட்டத்தின் அதிர்வில் அது 0.04 மி.மீ. நசுங்கினால் போதும், போல்ட் நீண்ட நீளம் முழுவதும் தளர்ந்து இறுக்கு விசை காணாமல் போய்விடும். போல்ட் திரும்பியிருக்காது, கழன்றிருக்காது, பிடி மட்டும் இருக்காது. ஆகவே அந்தப் பரப்பைப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து, துரு மாற்றியைத் துளையைச் சுற்றிய வெளிப்பகுதியிலும் சட்டத்தின் ஓரங்களிலும் பூசுவதே சரி.

இனி பூட்டலாம். எண்ணெய் போட்டா, உலர்ந்தா? கொக்கியோடு வரும் குறிப்பேட்டில் உள்ள முறுக்கு அளவு எந்த நிலைக்கு என்று பாருங்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன 88-ஐ எண்ணெய் தடவிய மரையில் கொடுத்தால் உராய்வு குறைந்து, அந்தப் போல்ட்டில் 5 டன் அளவுக்கு இழுவிசை ஏறிவிடும், 8.8 ரகம் தாங்கும் எல்லை அதுதான். துரு இறுக்கத்தைத் திருடுகிறது. எண்ணெய் அளவுக்கு மீறிக் கொடுத்துவிடுகிறது. கழலாமல் இருக்க மரைப்பசை போடுவதென்றால் துரு இளக்கிய எண்ணெயை முழுதும் துடைத்தெடுத்த பிறகே போட வேண்டும். காற்று இல்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டு இறுகும் பசை அது. எண்ணெய்ப் படலத்தின் மேல் இறுகாது. எல்லாப் போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். பயன்படாமல் விடும் துளைகளில் கிரீஸ் தடவிய குட்டை போல்ட்டை ஏற்றி மூடிவிட்டால் அடுத்த பருவமழையின் ஈரம் உள்ளே போகாது. டிரெய்லர் இழுக்க வேண்டுமானால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதையும், வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு உண்டு என்பதையும் பூட்டுமுன்பே விசாரித்துவிடுவது நல்லது.

புதிதாகப் பூட்டிய பரப்புகளின் நுண்மேடுகள் முதல் ஓட்டத்தில் நசுங்கும். இறுக்கு விசை கொஞ்சம் இறங்கும். போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவைத்து, சுமையோடு வத்தலக்குண்டு வரை ஒருமுறை இறங்கியதும் வண்டியை நிறுத்தி, கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகாவிட்டாலும் டார்க் ரென்ச்சை மறுபடி ஒருமுறை மாட்டிச் சரிபார்த்த பிறகே திரும்ப மலை ஏறுங்கள். மரைப்பசை போட்டிருந்தால் மட்டும் ரென்ச் வேண்டாம். இறுகிய பசை உடைந்துவிடும். அப்போது கோடுதான் சாட்சி.